அஸ்டெக் பேரரசும் மில்லிக்கன் முதியோர் சங்கமும்

அருங்காட்சியக வழிகாட்டியின் வேலை, செத்துப்போனவர்களைப் பற்றி உயிரோடிருப்பவர்களின் மனம் கோணாமல் பேசுவது. நாலு தமிழரை ஒரே வரிசையில் நடத்திப் பார்த்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். மெக்சிகோவின் பழைய அஸ்டெக் பேரரசைப் பற்றிய கண்காட்சி ரொறன்ரோவுக்கு வந்தபோது, தமிழில் விளக்கம் சொல்ல என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். தமிழ்க் கூட்டம் தொடர்ந்து வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வீடு என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மாதாமாதம் வந்ததோ ஒரே கூட்டம், மில்லிக்கன் முதியோர் சங்கம். அதன் தலைவர் அங்கிள் மனம் வைத்தால்தான் எனக்குச் சோறு.

வாசலில் சப்பாத்து

முதல் கூடத்தில் அஸ்டெக்குகளின் பெரிய கோயில் ஒரு சிறு மாதிரியாக நின்றது. உச்சியில் போர்த் தெய்வத்துக்கும் மழைத் தெய்வத்துக்கும் இரண்டு சந்நிதிகள். நான் "கோயில்" என்று வாய் திறந்ததுதான் தாமதம், அத்தனை பேரும் பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டார்கள். உருகிய பனி தரையெல்லாம் ஓடியது. காவலாளி முறைத்தார்.

பயந்தாவது சப்பாத்தைத் திரும்ப மாட்டுவார்கள் என்று நினைத்து நரபலியை விவரித்தேன். சூரியன் நாளைக்கும் உதிக்கவேண்டும் என்பதற்காக மனிதரின் நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் படைத்தார்கள் என்றேன். சங்கச் செயலாளர் அன்ரி காலுறையோடு நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "என்ன சாமியெண்டாலும் சாமி சாமிதானே, பிள்ளை. படையல்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

கோயிலுக்கு மேலே கோயில்

அடுத்த மாதம் அரசர்கள். ஒருவர் இறந்தால் பெரியவர்கள் கூடி, அரச குடும்பத்துக்குள்ளேயே இன்னொருவரைத் தெரிவு செய்வார்கள். வந்தவர் பழைய கோயிலின் மேலேயே அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டிவிடுவார். தலைவர் அங்கிளுக்கு இது நன்றாகப் பிடித்துவிட்டது. சங்க மண்டபத்தைப் பெருப்பிக்கத் தான் பட்ட பாட்டை அங்கேயே ஒரு பிரசங்கமாக வைத்தார். அந்த மண்டபத்தில் விழாவுக்கு விழா வடை சுட்ட அன்ரியும் மற்றப் பெண்களும் பின்னால் நின்று கேட்டார்கள்.

தெரிவானவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று அங்கிள் கேட்டார். சாகும்வரை என்றேன். அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியளே, நாகரிகமான சனம்."

வேண்டாமென்ற பகுதி

மூன்றாம் முறை வீழ்ச்சி. தொடங்குமுன் அங்கிள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். சுவரிலிருந்த விளக்கத்தை முன்கூட்டியே வாசித்திருக்கிறார். சங்கத் தேர்தல் வருகிறதாம், அம்மை நோயோடு கதையை நிறுத்தட்டாம், இல்லாவிட்டால் அடுத்த மாதம் கூட்டம் வருவது சந்தேகமாம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

ஸ்பெயினிலிருந்து வந்த கோர்ட்டெஸை அரசர் மொக்தெசுமா அரண்மனையில் விருந்தாளியாக இருத்தியதையும், விருந்தாளி வீட்டுக்காரரையே சிறைவைத்ததையும் சொன்னேன். பிறகு வந்த அம்மை நோய் சனத்தை அள்ளிக்கொண்டு போனதையும் சொல்லி நிறுத்தினேன். அந்தக் கொஞ்ச ஸ்பெயின்காரர் எப்படி அவ்வளவு பெரிய நகரத்தைப் பிடித்தார்கள் என்று அன்ரி விடாமல் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. முற்றுகையிட்டவர்களில் பெரும்பாலானோர் அக்கம்பக்கத்துச் சனம், அஸ்டெக்குகளுக்குத் திறை கட்டியும் பலிக்கு ஆள் கொடுத்தும் அலுத்துப்போனவர்கள் என்றேன். அங்கிள் கூரையைப் பார்த்தார். அன்ரி மெல்லக் கேட்டார்: "பலிக்கு ஆள் குடுக்கிறதெண்டால், எங்களைச் சமையலுக்கு விடுற மாதிரியோ, பிள்ளை?"

இரண்டு கூட்டம்

அடுத்த மாதம் ஒருவரும் வரவில்லை. வேலை போய்விட்டதென்றே முடிவுகட்டினேன். மேலாளர் கூப்பிட்டபோது பையையும் எடுத்துக்கொண்டே போனேன். அவரோ கைகுலுக்கினார். சங்கம் இரண்டாகிவிட்டதாம். ஒரு பாதி அங்கிளோடு. மற்றப் பாதி ரெக்ஸ்டேல் பக்கத்து முதியோர் சங்கத்தோடு சேர்ந்து அன்ரியைத் தலைவராக்கியிருக்கிறது. இரண்டு பகுதியும் மாதாமாதம் வருமாம். ஒரே நாளில் சந்திக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

புதுச் சங்கம் வந்த அன்று அன்ரி பட்டுச்சேலையில் முன்னால் நின்றார். ஆசையாகக் கேட்பார் என்று நான் நேரே வீழ்ச்சிக்கு நடந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "உது எங்களுக்குத் தெரியும், பிள்ளை. அந்தச் சாகுமட்டும் இருக்கிற முறையை ஒருக்கால் இவையளுக்கு விளக்கமாச் சொல்லுங்கோ."

மொக்தெசுமாவுக்கு நாடு போயிற்று, அங்கிளுக்குப் பாதிச் சங்கம் போயிற்று, எனக்கு மட்டும் வேலை நிரந்தரமாயிற்று.