மகாராணியின் சொந்தப் பெயர்

மேடத்தின் நோட்டில் இறால் வாடை அடிக்கும். ராயபுரத்தில் இறால் உரிக்கும் கொட்டகைகளில் பெண்களோடு குந்தி, அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு என் ஆட்டோவில் ஏறுவார். அடுத்த சவாரிக்காரர் மூக்கைப் பொத்துவார். மனிதர்கள் வாழ்வதைப் படிப்பதுதான் தன் படிப்பு என்றார் ஒருமுறை. “எங்களப் பட்ச்சா பாஸ் பண்ணிடுவீங்களா மேடம்? நான் எட்டாவதே பெயிலு” என்றேன். சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

மேடம் எழுதப்போகும் புத்தகத்தில் சொந்தப் பெயர் வந்தால் அந்தப் பெண்களின் வேலைக்கு ஆபத்து என்பதால், அவரவருக்கு ஒரு மாற்றுப் பெயரை அவரவரே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒருத்தி தன் நாத்தனார் பெயரைக் கொடுத்தாள்: “வம்பு வந்தா அவளுக்கே போவட்டும்.” அங்கேயே இறால் உரித்த என் அத்தையோ, “வெக்கிறதே வெக்கிற, மகாராணின்னு வையிம்மா” என்றாள். கொட்டகையில் கக்கூஸ் இல்லை, அதனால் காலையிலிருந்து அங்கே எந்தப் பெண்ணும் தண்ணீரே குடிப்பதில்லை என்று சொன்னவள் இந்த மகாராணிதான். மேடம் அதை ஒரு பெண்கள் கூட்டத்தில் வாசித்தார். விஷயம் காதுக்கு எட்டியதும், யார் அந்த மகாராணி என்று கொட்டகை மேஸ்திரி தேட ஆரம்பித்தான்.

என் வாய் சும்மா இருக்குமா? கொட்டகை வாசலில் அத்தையைப் பார்த்ததும், “இன்னா மகாராணி, இன்னிக்காவது தண்ணி குட்ச்சியா?” என்று கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி மட்டும் திரும்பிப் பார்த்தான். மறுநாள் அத்தைக்கு வேலை இல்லை.

மேடம் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று நினைத்தேன். “கூட்டத்துல படிச்சது நான்தானே” என்று மட்டும் சொன்னார். மேஸ்திரியிடம் பேசப் போனவரை அவன் வாசலோடு அனுப்பிவிட்டான். நேராக அத்தை வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். அத்தை சொன்ன பக்கங்களைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். அவருடைய பல வருட உழைப்பின் உயிரே அதில்தான் இருந்தது. எனக்கே தெரியும்.

“இன்னாத்துக்கு எட்க்கணும்? வேலதான் பூட்ச்சே, இனிமே எவனுக்குப் பயப்படணும்? மகாராணிய எட்த்துட்டு என் பேரப் போடும்மா” என்றாள் அத்தை. ஒரு வாரம் யோசிக்கச் சொல்லிப் போனார் மேடம். அடுத்த வாரமும் அத்தை அதையேதான் சொன்னாள்.

இப்போது மேடம் வேறு ஊரில் பாடம் நடத்துகிறார். அத்தை கொருக்குப்பேட்டையில் சொந்தமாக இறால் கடை போட்டிருக்கிறாள். புத்தகம் இங்கிலீஷில் வந்தது. அத்தை சொன்ன பக்கங்களை மட்டும் மேடம் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். கடையில் நின்று, அத்தையின் சொந்தப் பெயரிலிருந்து தொடங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“இன்னாடா முணுமுணுக்கிற?” என்றாள் அத்தை. “அன்னிக்கு கொட்டாய் வாசல்ல கத்துன இல்ல, அப்டிப் படி.”