குமிழில் ஒரு கை

கனகா எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே ஆனந்தமேரி டீச்சர் வீட்டு டிவி முன்னால் குவிந்து கிடக்கும். அவள் மட்டும் டிவிக்குப் பக்கவாட்டில், படத்துக்கு முதுகு காட்டாத குறையாக, கீழே உட்கார்ந்திருப்பாள். அவள் முன்னால் ஸ்டெபிலைசர். அதன் நெற்றியில் ஒரு முள். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே அது ஆடிக்கொண்டே இருக்கும், தூக்கம் வராதவன் புரள்வதுபோல.

அந்த வருஷங்களில் திண்டுக்கல்லில் டிவி வைத்திருந்த வீடுகளில் யாராவது ஒருவர் அந்த முள்ளுக்கு வாக்கப்பட்டிருந்தார். கரண்ட் குறைந்தால் படம் நான்கு பக்கமும் ஒடுங்கும். ஸ்டெபிலைசரின் குமிழைத் திருகி ஒரு படி ஏற்றிவிட வேண்டும். கரண்ட் கூடிவிட்டால் உடனே இறக்க வேண்டும். ஏற்றி வைத்ததை இறக்க மறந்தால் டிவி அவ்வளவுதான். ஆகவே கனகா வருகிறவரை டீச்சர் டிவியைப் போடமாட்டார். கனகா வந்து குமிழில் கை வைத்த பிறகுதான் தெருவுக்குப் படம்.

நாகல் நகரில் ரங்கசாமி முதலாளி நடத்திய ஸ்டெபிலைசர் கம்பெனியில் அவளும் நானும் வேலை பார்த்தோம். கம்பெனி என்று பெயர்தான், ஒரு நீளக் கூடமும் தகரக் கூரையும். நான் பெட்டிகளுக்கு வயர் இணைப்பேன், டிவி வாங்கியவர்கள் கூப்பிட்டால் ஆன்டெனா கட்டப் போவேன். கனகா காயில் சுற்றுவாள், கடைசியில் செக்கிங் மேசையிலும் அவள்தான். பெட்டியோடு ஒரு குண்டு பல்பை மாட்டி, குமிழைப் படிப்படியாகத் திருகி, பல்பு மங்குவதையும் பொங்குவதையும் பார்ப்பாள். முப்பது வயதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவள். எலெக்ட்ரானிக்ஸ் வேலை என்று யாராவது பெரிதாகச் சொன்னால் சிரிப்பாள். சுருட்டுக் கம்பெனியில் அம்மா சுருட்டுச் சுற்றினாள், நான் கம்பி சுற்றுகிறேன், எனக்கு ஃபேன் இருக்கிறது, அம்மாவுக்கு அது இல்லை, அதுதான் வித்தியாசம் என்பாள்.

கனகாவின் தங்கச்சி முனீஸ்வரிக்கு சினிமா என்றால் உயிர். டீச்சர் வீட்டில் முதல் வரிசை அவளுடையது. அழுகிற இடத்துக்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிடுவாள். கனகா முள்ளிலிருந்து கண் எடுக்கிற நேரமெல்லாம் அவள் முகத்தைத்தான் பார்ப்பாள். கதாநாயகி செத்தாளா பிழைத்தாளா என்பது அந்த முகத்திலிருந்து அவளுக்குத் தெரிந்துவிடும்.

முனீஸ்வரியைத் தொப்பம்பட்டிப் பக்கம் ஆண்டிச்சாமிக்குக் கொடுத்தார்கள். கிணறும் மோட்டாரும் உள்ள குடும்பம். சீரில் ஒரு டிவி வேண்டும் என்பது மட்டும் மாப்பிள்ளையின் ஆசை. கனகா டிவியை வாங்கினாள், ஸ்டெபிலைசரின் காயிலைத் தானே சுற்றினாள்.

கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருத்தியைக் காட்டி 'மிக்சிக்காரி' என்று கிசுகிசுத்தார்கள். கனகாவும் சேர்ந்து சிரித்துவிட்டுக் காரணம் கேட்டாள். அந்தப் பெண் சீராகக் கொண்டுவந்த மிக்சி முதல் நாளே சட்னி அரைக்கும்போது புகைந்துவிட்டதாம். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் பெயர் மாறவில்லை. அந்த வீட்டில் மாடு கறக்காவிட்டாலும் அவளைத்தான் பார்ப்பார்களாம். அதற்கப்புறம் கனகா சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. இலையில் பாயசம் அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆன்டெனா குழாய்களைப் பழனி பஸ்ஸின் கூரையில் போட்டுக்கொண்டு அவளும் நானும் போனோம். கன்னிவாடி தாண்டும்போது அவள், "அங்கிட்டு பூராம் மோட்டாருதான், அப்பு. கரண்டு எப்பிடிக் கெடக்கும்னு தெரியல" என்றாள்.

மத்தியானம் கரண்ட் நன்றாகவே இருந்தது. ஆன்டெனாவைக் கொடைக்கானல் மலைக்கு நேராகத் திருப்பிக் கட்டியதும் படம் தெளிவாக வந்தது. சாயங்காலம் சினிமா தொடங்குமுன் வாசல், கூடம், சன்னல் எல்லாம் ஆட்கள். பாயில் குழந்தைகள், சுவரோரம் கிழவர்கள். மிக்சிக்காரியும் வந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிய நின்றாள்.

படம் ஆரம்பித்துச் சற்று நேரத்தில் தோட்டங்களில் மோட்டார்கள் ஓடத் தொடங்கின. டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. ஒரு குண்டு பல்பு மட்டும் நெருப்புக் கம்பியாக மிஞ்சியது. டிவியில் ஆட்கள் குளிரில் சுருண்ட பிள்ளைகள்போல நடுவில் ஒடுங்கினார்கள். கனகா குமிழை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். கடைசிப் படிக்கு வந்த பிறகுதான் முள் பச்சையின் ஓரத்தைத் தொட்டது. அதற்குமேல் ஏற்ற படி இல்லை. அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்தாள்.

முனீஸ்வரியின் மாமியார் சொர்ணலட்சுமி சமையற்கட்டிலிருந்து வந்தார். பெண் வீட்டு ஆள் முதல் தடவை வந்தால் முதல் இலை அவர்களுக்கு. அவர்கள் கை நனைக்காமல் வீட்டில் வேறு யாரும் சாப்பிடக் கூடாது. இலை போட்டாயிற்று என்று சொர்ணலட்சுமி சொன்னார். கனகா 'செத்த நேரம், வந்திடுறேன்' என்றாள். இரண்டாம் தடவை வந்து சொன்னபோதும் அதையே சொன்னாள்.

"ஏனுங்க அம்மிணி, வந்தவங்க மூலைல கீழ உக்கோந்துட்டு பொட்டியக் கட்டிக் காத்துட்டிருந்தா ஊரு என்னங்க பேசும்? எங்கூட்டுக் கரண்டு அம்புட்டு மோசமுங்களா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. சமையற்கட்டு வாசலில் நின்ற முனீஸ்வரி அக்காவையே பார்த்தாள். எழுந்திரு என்று கெஞ்சுகிற பார்வை. கனகா முள்ளைப் பார்த்தாள்.

முள் தானாக நகர்ந்தது.

கொஞ்சம்தான். பச்சையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு. கனகா ஒரு படி இறக்கினாள். சிறிது நேரத்தில் மறுபடி ஏறியது. மறுபடி இறக்கினாள். யாரோ எங்கோ ஒவ்வொரு மோட்டாராக நிறுத்துகிறார்கள் என்று எனக்கே புரிந்தது. இந்த நேரத்தில் எதற்கு நிறுத்துகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. அவள் திரும்பி மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

ஆண்டிச்சாமி பெருமையாகச் சொன்னான். "அப்பா தோட்டந் தோட்டமாப் போயிருக்காருங்க. படம் சுருங்கிக் கெடக்குது, சித்த நேரம் மோட்டார நிறுத்துங்கப்பான்னு சொல்லிப்போட்டு வரப் போனாரு. எங்கூர்ல சொன்னாக் கேப்பாங்க."

கனகாவின் உதட்டில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். ஊரில் எத்தனை மோட்டார் என்று அவளுக்குத் தெரியாது. எது எப்போது நிற்கும் என்றும் தெரியாது. மாமனார் கருப்பணன் இருட்டில் எந்த வரப்பில் நடக்கிறார் என்பதும் தெரியாது. அவர் மருமகளின் டிவிக்கு நல்லது செய்யத்தான் போயிருக்கிறார். சொல்லைத் தட்டாத ஊர், எல்லோரும் ஒருசேர நிறுத்திவிட்டால் ஏறி நிற்கிற குமிழ் அந்த டிவியைக் கொன்றுவிடும்.

டிவியை அணைத்துவிடலாம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும், இடது கை ப்ளக் பக்கம் போயிற்று. ஆனால் திரையில் நல்ல கட்டம். அணைத்தால் ஊரே கேட்கும். கை பாதி வழியில் நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சொர்ணலட்சுமி மூன்றாம் தடவையாக வந்தார். இந்த முறை கூப்பிடவில்லை. குனிந்து கனகாவின் வலது கையை, குமிழில் இருந்த கையை, மணிக்கட்டோடு பிடித்தார்.

"எந்திரிங்க அம்மிணி. சோறு ஆறிப்போச்சுங்க."

டியூப்லைட் பளீரென்று தானாக எரிந்தது. தலைக்குமேல் ஃபேன் விசிலடித்துக்கொண்டு வேகமெடுத்தது.

"கைய விடு" என்றாள் கனகா.

விடுங்க இல்லை, விடு. படத்தின் சத்தத்தையும் மீறி அது கூடம் முழுக்கக் கேட்டது. பிடித்த கையை உதறி, இடது கையால் ப்ளக்கைப் பிடுங்கினாள். திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கியது. புள்ளி சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு அதுவும் போயிற்று.

லேசாக வார்னிஷ் காய்ந்த வாடை வந்தது. டிவியிலிருந்தா ஸ்டெபிலைசரிலிருந்தா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"போச்சுடா" என்றார் ஒரு கிழவர். சன்னல் பக்கமிருந்து ஒரு பெண்குரல், "மிக்சிக்காரிக்குத் தொணை வந்துருச்சு" என்றது. யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் இருந்த பாதி முகமும் மறைந்தது. முனீஸ்வரி கையில் குழம்புக் கிண்ணத்தோடு நின்ற இடத்திலேயே நின்றாள். சொர்ணலட்சுமி தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

வாசலில் டார்ச் வெளிச்சம். முழங்கால்வரை சேற்றோடு கருப்பணன் உள்ளே வந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"ஏனுங்க, இப்பப் படம் பளிச்சுனு தெரியுதுங்களா?"

எல்லோரும் கனகாவைப் பார்த்தார்கள்.

கனகா குமிழை இறக்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம். அது விரலைச் சொடுக்குவதுபோலக் கேட்டது. கடைசிப் படிவரை இறக்கிவிட்டு, ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள். அது ஒரே வேகத்தில் சுற்றியது. டிவி ப்ளக்கை எடுத்துச் சேலை முந்தானையில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு மாட்டினாள்.

முள் பச்சையில் நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

ஒரு குழந்தை எழுந்து வெளியே போகப் பார்த்தது, அதன் தாய் இழுத்து உட்காரவைத்தாள். முனீஸ்வரியின் கையில் கிண்ணம் சாய்ந்து குழம்பு தரையில் சொட்டியது. அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் குரல் வந்தது. யாரோ யாரையோ அண்ணா என்று கூப்பிட்டார்கள். அப்புறம் திரையின் நடுவில் சாம்பல் பூத்தது. அது வெளுத்து, விரிந்து, நாலு மூலைக்கும் பரவியது. மனிதர்கள் முழு உயரத்தில் நின்றார்கள்.

கூட்டம் கை தட்டவில்லை. எல்லோரும் அடக்கிவைத்த மூச்சை விட்டது மட்டும் கேட்டது.

கனகா எழுந்து சொர்ணலட்சுமியின் முன்னால் போய் நின்றாள். கால் மரத்துப்போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பாப் பேசிட்டேன், அத்தை."

சொர்ணலட்சுமி அவளைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தார். "சாப்புட்டுப்போட்டுப் பேசிக்கலாமுங்க" என்றார். மன்னித்தாரா இல்லையா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

கனகா திரும்பி ஸ்டெபிலைசரைப் பார்த்தாள். மோட்டார்கள் மறுபடி ஓடினால் கரண்ட் இறங்கும், படம் சுருங்கும், யாராவது குமிழை ஏற்றிவிடுவார்கள். ஏற்றுகிற கைக்கு இறக்கவும் தெரிய வேண்டும். அவள் கால் சமையற்கட்டுப் பக்கம் நகரவில்லை.

அப்போது முனீஸ்வரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கல்யாணம் முடிந்து ஒரு வாரம்கூட முழுதாக ஆகாத பெண், ஊர் பார்க்க, பட்டுச் சேலையை முட்டிக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பத் திருகணும்னு சொல்லு. நீ போய்ச் சாப்புடுக்கா."

கனகா குனிந்து அவள் காதில் சொன்னாள். முனீஸ்வரி தலையாட்டினாள், குமிழில் கை வைத்தாள், முள்ளைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் தாமாகவே நகர்ந்து இடம் விட்டார்கள். சொர்ணலட்சுமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எம்மருமகளுக்குக் காத்து வரட்டும், தள்ளி உக்காருங்க" என்றார். குரல் பழையபடி கணீரென்று இருந்தது.

நடந்ததைச் சொன்னபோது கருப்பணன் முதலில் நம்பவில்லை. நம்பியதும் சத்தமாகச் சிரித்தார். இனி ஞாயிற்றுக்கிழமை யார் மோட்டாரை நிறுத்துவதானாலும் மருமகளிடம் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார். ஊர் சம்மதித்தது. டீச்சர் வீட்டுத் தெரு கனகாவுக்குக் கொடுத்த மரியாதையைவிட அது பெரியது.

திரும்பி வந்ததிலிருந்து கனகா முதலாளியை விடவில்லை. கரண்ட் எகிறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கிற பெட்டி வேண்டும் என்றாள். மதுரையில் அப்படி ஒன்று வந்துவிட்டது, விலை அதிகம், நம் ஆட்கள் வாங்கமாட்டார்கள் என்றார் அவர். ஒன்றே ஒன்று, என் தங்கச்சி வீட்டுக்கு என்று நின்றாள். பொங்கலுக்குள் அதைச் செய்து முடித்தோம். அவள் செக்கிங் மேசையில் அதை எத்தனை தடவை எகிறவிட்டு எத்தனை தடவை அணையவைத்தாள் என்று கணக்கில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

மறுநாள் செக்கிங் மேசைக்கு வந்தவள் வெகுநேரம் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். நன்றாக வேலை செய்தது என்றாள். சொர்ணலட்சுமிதான் வேண்டாம் என்றுவிட்டாராம். 'மிசினு தூங்கிப்போச்சுன்னா யாருங்க கேக்கறது, எம்மருமக தூங்கமாட்டா' என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்லிவிட்டு, புதுப்பெட்டியைப் பூப்போட்ட துணியால் மூடி அலமாரிமேல் வைத்துவிட்டாராம். வந்தவர்களெல்லாம் முனீஸ்வரியிடம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்களாம். மிக்சிக்காரி என்கிற பேச்சே யார் வாயிலும் வரவில்லையாம்.

நல்லதுதானே என்றேன்.

கனகா குமிழை ஒரு படி ஏற்றினாள். பல்பு பொங்கியது. இறக்கினாள்.

"நல்லதுதான். படம் முடியிற வரைக்கும் முள்ளையே பாத்து உக்காந்திருந்தா. ஒரு தடவகூட டிவி பக்கம் திரும்பல." மேசையிலிருந்த பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததை இழுத்தாள். "அவளுக்கு சினிமான்னா உசுரு, அப்பு."