ஸ்கேனுக்குள் போகாத சாவி

மூளைக்குள் இரும்பு சேருமா? சேருமாம். போன வாரம்தான் எனக்கே தெரிந்தது.

அதியமான்கோட்டையில் என் அக்காவின் வீட்டுக்காரர் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். அதை விற்றாயிற்று. அந்த இடத்தில் இப்போது பேக்கரி. ஆனாலும் பழைய இரும்புச் சாவி மட்டும் மாமாவின் அரைஞாண் கயிற்றிலேயே தொங்குகிறது. மறதி நோய். அந்தப் பேக்கரி பன்னைத் தின்றுகொண்டே, "பட்டறைய பூட்டணும்" என்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்... கொஞ்ச நாளாக அக்காவையே "நீங்க யாருங்க?" என்கிறார். அக்கா சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வருகிறார்.

டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மறதிக்காரர்களின் மூளையில் எங்கெங்கே இரும்பு சேர்கிறது என்று படம் பிடித்து ஆராய்கிறார்களாம்.

"பட்டறைத் தூசி மூக்கு வழியா ஏறிடுச்சுங்க சார்!" என்றார் அக்கா. அப்படியெல்லாம் முடிச்சுப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. வீட்டில் முருங்கைக்கீரைக்குத் தடை. தோசைக்கல் பரணுக்குப் போய்விட்டது.

ஸ்கேன் அறை வாசலில்தான் வம்பு வந்தது. அந்த மெஷின் ராட்சசக் காந்தம் — இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. மாமா சாவியைக் கழற்ற மாட்டேன் என்கிறார்!

"கழட்டிட்டா பட்டறைய யாரு பூட்டுவாங்க?"

நான் கெஞ்சினேன். டெக்னீஷியன் மிரட்டினார். உள்ளே இருக்கும் இரும்பைப் பார்க்க, வெளியே இருக்கும் இரும்போடு மல்லுக்கட்டு!

கடைசியில் அக்கா கையை நீட்டினார். "எங்கிட்ட குடுங்க, நான் வெச்சிருக்கேன்."

மாமா ஏற இறங்கப் பார்த்தார். சாவியை அவிழ்த்தார்.

"பாத்தா நல்லவங்களாத் தெரியறீங்கம்மா. இத எங்க வூட்டுக்காரிகிட்ட சேத்துடுங்க. அவ ஒருத்திதான் தொலைக்கமாட்டா."

அக்கா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஸ்கேன் முடிந்து மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். படத்தில் கறுப்பாக இருந்த சில இடங்களைக் காட்டி, "இங்கெல்லாம் இரும்பு" என்றார். அக்கா பதறிப்போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"இல்லீங்க சார்... இரும்பு எங்கிட்டல்ல இருக்குது!"

மாமா சாவியைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"சாவி உங்கிட்டயா இருக்குது? அப்ப நீதான் எங்க வூட்டுக்காரி. மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

இப்போது அந்தச் சாவி அக்காவின் தாலிக் கயிற்றில். காலையில் மாமா "நீங்க யாருங்க?" என்றதும் எடுத்துக் காட்டுகிறார்.

ஆதார் கார்டெல்லாம் தோற்றது, போங்கள்!