ரெண்டு உசிருக்கு ரெண்டு துண்டு

பெரியப்பாவின் ஜீப்பில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். மூடியைத் திறந்தால் புகையிலை நெடி முகத்தில் அடிக்கும். எழுபதுகளில், காலாண்டு விடுமுறைக்குப் போடிமெட்டு ஏறி அவருடைய ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் வளைவுக்கு வளைவு அது என் காலில் வந்து இடிக்கும். தோட்டத்தில் இறங்கியதும், காய் எடுக்க நிற்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு துண்டு கிள்ளிக் கொடுப்பார். வாயில் அடக்கிக்கொண்டால் குளிர் தெரியாது. அதைவிட முக்கியம், பசி தெரியாது. மதியக் கஞ்சியை இழுத்தடித்துப் பொழுது சாய ஊற்றினாலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். இந்தச் சாமர்த்தியத்துக்கு ஊர் அவருக்குக் கொடுத்த பெயர் தர்மப்பிரபு.

வயிற்றுப்பிள்ளைக்காரி யாராவது வரிசையில் நின்றால் அவருடைய தாராளம் இன்னும் பெருகும். "ரெண்டு உசிருக்கு ரெண்டு துண்டு" என்று சொல்லித் தானே முதலில் சிரிப்பார். கங்காணி கடமைக்குச் சிரிப்பான். அப்படி ஒரு வருடம், தேவாரத்திலிருந்து வந்து தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் தங்கியிருந்த அக்கா ஒருத்தி, நிறைமாதத்தில், ஈரத்தரையில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். செடியின் தூரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "அய்யா, தலை சுத்துது. ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு வெரசா வந்திர்றேன்" என்றாள்.

பெரியப்பா டின்னைத் திறந்தார். "இத அடக்கிக்கிட்டுச் சோலியப் பாரு. கஞ்சி எங்கயும் ஓடியா போகுது?"

அவள் வாங்கிக்கொண்டு போய் மறுபடி குத்தவைத்தாள்.

இப்போது நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் மூளை வளர்ச்சி பற்றிப் பாடம் எடுக்கிறேன். கருவில் மூளை உருவாகத் தொடங்கும்போதே அதன் செல்களின் மேல் சில ஏற்பிகள் தோன்றிவிடுகின்றன. அசிட்டைல்கோலின் என்று உடம்பே சுரக்கும் ஒரு பொருளுக்காக அவை காத்திருக்கின்றன. எந்தச் செல் பெருக வேண்டும், எது எங்கே நகர வேண்டும், எதோடு எது இணைய வேண்டும் என்பதற்கெல்லாம் அந்தப் பொருள் வந்து தொடுவதும் ஒரு சமிக்ஞை. புகையிலையின் நிகோடினும் அதே ஏற்பிகளைத் திறந்துவிடும். அதனால்தான் அவற்றுக்கு நிகோடினிக் ஏற்பிகள் என்றே பெயர் வந்தது. தாயின் வாயில் ஊறுவது ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. கூப்பிடாத நேரத்தில் வந்து, போக வேண்டிய நேரத்தில் போகாமல் உட்கார்ந்துகொள்கிறது. நடக்க வேண்டிய வேலை முறைகெட்டுப் போகிறது.

அந்த அக்காவுக்கு மகன் பிறந்தான், கைக்குள் அடங்குகிற அளவில். பள்ளிக்கூடத்தில் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, எழுத்து மனதில் நிற்கவில்லை. அடி வாங்கியே இரண்டாம் வகுப்போடு நின்றுபோனான். "இதுகளுக்கெல்லாம் படிப்பு எங்க ஏறும்?" என்றார் பெரியப்பா. புகையிலைதான் காரணம் என்று ஒரு மருத்துவராக நான் சத்தியம் செய்ய முடியாது. பட்டினி இருந்தது, ஓய்வில்லாத வேலை இருந்தது. ஆனால் மூன்றையும் அவளுக்குக் கொடுத்தது ஒரே ஆள்தான்.

எண்பதுகளில், படிப்பை முடித்த புதிதில், போடியில் அவர் வீட்டுக்கே போய், வயிற்றுப்பிள்ளையின் மூளையைப் புகையிலை என்ன செய்யும் என்று சொன்னேன். வெட்கப்படுவார், இல்லாவிட்டால் கோபமாவது படுவார் என்று நினைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உள்ளே பேரன் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருப்தியாகச் சொன்னார்.

"போயிலை வயித்துப்பிள்ளைக்கு ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும் ஆத்தா. அதான் ஒங்க மதினி மாசமா இருக்கையில, நம்ம வீட்டுப் பக்கமே அத அண்ட விடலையே."

தெரியாமல் செய்த மனிதர் என்று அவருக்காக நான் ஒரே ஒரு சாக்கு வைத்திருந்தேன். அதையும் அவரே பிடுங்கிப் போட்டுவிட்டார். காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.