சரி அக்காவுக்குப் பிடித்த குழாய்

அம்மா இறந்து முப்பத்தெட்டாம் நாள், சனிக்கிழமை காலை, பிளம்பர் வாசலில் நின்றபடியே கெடு வைத்தார்.

"பாப்பா, புதன்கிழமை வரைக்கும்தான் நான் இந்தப் பக்கம். வியாழக்கிழமை ஊருக்கு அந்தக் கோடியில பெரிய கட்டடம் ஒன்னு ஆரம்பிக்கிறோம். ரெண்டு மாசம் தலைகாட்ட முடியாது. கடையில சொன்னா சாமான் வர மூணு நாள். இன்னைக்குச் சொல்லிட்டீங்கன்னா மாட்டிக் குடுத்துட்டுப் போயிடுவேன்."

"சொல்லிடலாம் அண்ணே. எந்த ஃபினிஷ்னு முடிவு பண்ணணும், அவ்வளவுதான்."

"அதான் அம்மா முடிவு பண்ணிட்டாங்களே. கருப்பு. பளபளப்பு இல்லாத கருப்பு. என்கிட்டயே சொன்னாங்க."

மகள் அவரைப் பார்த்தாள். அம்மா அவளிடம் சொன்னது கருப்பு இல்லை. பிரஷ் செய்த நிக்கல், பளபளப்பைத் தேய்த்து மங்கலாக்கிய வெள்ளி நிறம். தொலைபேசியில், சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

குளியலறை பாதியில் நின்றிருந்தது. சாம்பல் நிற டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. சுவருக்குள் பைப் போட்டாகிவிட்டது. ஐந்து பைப் வாய்களைச் சிவப்பு பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருந்தார்கள். டவல் கம்பி வரும் இரண்டு இடங்களில் பென்சில் கோடு. மிச்சம் இருந்தது குழாய்கள், ஷவர், கம்பிகள். வேலை தொடங்கிய நாளிலிருந்து அப்பா வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் குழாயடியில், பழைய போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு வாளியில் குளித்தார். எழுபத்தொரு வயது. குளித்துவிட்டு வரும்போது உதடு நீலமாக இருக்கும். கேட்டால், "ஜில்லுன்னு நல்லாத்தான் இருக்கு" என்பார்.

மகள் வேலை பார்ப்பது ஒரு சோதனைக்கூடத்தில். முலாம் பூசிய உலோகத் துண்டுகளை உப்புநீர் தெளிக்கும் பெட்டிக்குள் தொங்கவிட்டு, எத்தனை மணி நேரத்தில் முதல் கறை தெரிகிறது என்று குறிப்பது அவள் தொழில். எந்தப் பூச்சு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு அன்று தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அம்மாவுக்கு எது பிடித்தது? அம்மா ஆரம்பித்த வேலை. அவள் ஆசைப்பட்டபடி முடிய வேண்டும். அதில் மட்டும் மகளுக்குக் குழப்பம் இல்லை.

அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாத படிப்பு.

"அப்பா, அம்மா குழாய்க்கு என்ன ஃபினிஷ் சொன்னாங்க?"

"குரோம்" என்றார் தலையைத் தூக்காமல். "வேற என்ன? இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து குரோம்தான். எதுக்கு மாத்தணும்னேன். எதுக்கு மாத்தணும்னு அவளும் சொன்னா."

"என்கிட்ட நிக்கல்னாங்களே."

"உனக்குச் சரியாக் கேட்டிருக்காது. உங்க லேப்ல எப்பவும் ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கும்."

கருப்பு, நிக்கல், குரோம். மூன்று ஆகிவிட்டது. மகள் சித்தி வீட்டுக்கு நடந்தாள். இரண்டு தெரு தள்ளி. அம்மாவின் ஒரே தங்கை. அக்காவின் மனம் தனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது என்று ஊரறியச் சொல்பவள்.

"இதுல என்னடி சந்தேகம்? தங்கக் கலர்! மினுமினுன்னு அடிக்காத, மங்கலான தங்கம். எங்க அக்காவுக்கு அந்தக் கலர்னா உயிரு."

"அம்மா தங்கக் கலர்ல எதையாவது வாங்கி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"வாங்க விட்டாத்தானே! உங்க அப்பா கண்ணுக்கு உலகத்துல ரெண்டே கலர். ஒன்னு எவர்சில்வர். இன்னொன்னு நல்லாத் தேய்ச்ச எவர்சில்வர்." சொல்லிக்கொண்டே டீயைக் கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் மகளுக்குப் பல் கூசியது.

"என்ன சித்தி, இவ்வளவு சர்க்கரை?"

"அக்கா குடிக்கிற மாதிரிப் போட்டேன். ரெண்டு ஸ்பூன்."

"அம்மா சர்க்கரையே போட்டுக்க மாட்டாங்களே."

"யாரு சொன்னது? இங்க உக்காந்து, இதே டம்ளர்ல, முப்பது வருஷமா ரெண்டு ஸ்பூன்."

"வீட்டுல முப்பது வருஷமாச் சர்க்கரை இல்லாம."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்திதான் முதலில் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் புகார் ஜன்னலில் உட்கார்ந்தவள். இருபத்தாறு வருடம். தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கி வருகிறது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறது என்று கொதித்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். ஒருமுறை ஒரு ஆள் மேசையைக் குத்தி, "நாலு நாளாச்சு!" என்று கத்தினார். அம்மா எழுந்து நின்றாள். "நாலு நாளா? நானா இருந்தா ரெண்டாவது நாளே வந்து கத்தியிருப்பேன். உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்றாள். அந்த ஆள் அதற்குமேல் எதைக் கத்துவார்? உட்கார்ந்து முகவரி சொன்னார். அலுவலகத்தில் அவளுக்கு 'சரி அக்கா' என்று பெயர். மேலதிகாரியிலிருந்து வால்வு திறக்கிறவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். திட்டுகிறவருக்கும் சரி, திட்டு வாங்குகிறவருக்கும் சரி.

வீட்டிலும் அதே ஜன்னல்தான். இடது பக்கத்து வீட்டுக்காரருக்கும் வலது பக்கத்து வீட்டுக்காரருக்கும் சாக்கடைத் தகராறு வந்தபோது இருவரும் தங்கள் பக்கத்துச் சாட்சியாக அம்மாவையே சொன்னார்கள். அம்மா இருவரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதுதான் நியாயம் என்று அவளுக்கு மனதாரத் தோன்றியிருக்கிறது. சாக்கடை மட்டும் கடைசிவரை யார் பக்கமும் ஓடவில்லை.

கடையின் சீட்டு ஒன்று அவள் கைப்பையில் கிடைத்திருந்தது. குழாய் மூன்று, ஷவர் ஒன்று, கை ஷவர் ஒன்று, டவல் கம்பி இரண்டு. அளவெல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. ஃபினிஷ் என்ற கட்டத்தில் 'பிறகு'. அந்தச் சீட்டு எழுதிய மறுநாள் காலைதான் அவளுக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனை வாசல்வரை கூடத் தாங்கவில்லை.

மகள் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். வீட்டு ஆட்களிடம் ஒருபக்கச் சாய்வு இருக்கும். வெளியாளிடம் இருக்காது என்று கணக்குப் போட்டாள். ஒரு சுவர் முழுக்கப் பலகை. பலகை முழுக்க முளைத்த குழாய்கள், தண்ணீர் வராமல். விற்பனைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். சீட்டைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஆன்ட்டி! மூணு தடவை வந்தாங்க மேடம். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம். ஏன், அவங்க வரலையா?"

மகள் சொன்னாள். அந்தப் பெண் சீட்டைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் மகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அவங்களுக்கு எது பிடிச்சிருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் மேடம். ரோஸ் கோல்டு."

மகள் டம்ளரை வைத்துவிட்டாள். "ரோஸ் கோல்டா?"

"ஆமா. இந்தச் செம்பு கலந்த மாதிரி இருக்கே, இது. உனக்கு எதும்மா பிடிக்கும்னு என்னைக் கேட்டாங்க. நான் வீடு கட்டினா இதுதான் ஆன்ட்டின்னேன். 'நானும் அதையேதான் நினைச்சேன்'னாங்க. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? இங்க யாரும் எங்களை அப்படிக் கேட்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன் எழுதலை?"

"எழுதட்டுமான்னா, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்னாங்க. மூணு தடவையும் அதே பதில்."

"எதையாவது திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாங்களா? எதுகிட்டயாவது அதிக நேரம் நின்னாங்களா?"

அந்தப் பெண் உண்மையாகவே யோசித்தாள். "எல்லாத்தையும்தான் தொட்டாங்க. போறப்போ கைக்குட்டையால எல்லாத்தையும் துடைச்சு வெச்சுட்டுப் போவாங்க. விரல் பட்டுடுச்சாம்."

மகள் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நானும் அதையேதான் நினைச்சேன். தொலைபேசியில் அவளிடமும் அம்மா இதே சொற்களைத்தான் சொன்னாள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது இப்போது வரிசையாக நினைவுக்கு வந்தது. அம்மா, "குழாய் எது நல்லா இருக்கும்டி?" என்று கேட்டாள். மகள் பத்து நிமிடம் பேசினாள். கருப்பில் உப்புத் திட்டு, குரோமில் சொட்டுத் தழும்பு, பிரஷ் செய்த நிக்கலில் இரண்டும் தெரியாது. இத்தனை மணி நேரம் சோதித்தது, இத்தனை மைக்ரான் கனம். ஒரு கையில் ரப்பர் கையுறை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். கடைசியில்தான் அம்மா அதைச் சொன்னாள். மகள் சரி என்று வைத்துவிட்டாள். உனக்கு எதும்மா என்று கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமா? எதற்குக் கேட்டிருக்கிறாள் என்று தேடிப் பார்த்தாள். முப்பத்துநாலு வருடத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

பிளம்பருக்கும் அப்படித்தான் இருக்கும். இப்போ எல்லாரும் கருப்புதான் போடுறாங்கம்மா என்று அவர் எடுத்துக் கொடுத்திருப்பார். தான் சொன்னதைத்தான் அம்மா திருப்பிச் சொன்னாள் என்று அப்பாவே ஒப்புக்கொண்டார். சித்தியைக் கேட்கவே வேண்டாம். கேட்டவர் சொன்னதையே திருப்பிக் காட்டும் ஒரு கருவியில் எடுத்த ஐந்து அளவுகள். சோதனைக்கூடமாக இருந்தால் ஐந்தையும் அடித்துவிட்டுக் கருவியை மாற்றச் சொல்லியிருப்பாள். இங்கே கருவியே போய்விட்டது.

யாரையும் ஏமாற்ற வேண்டாம் என்று ஒரு யோசனை வந்தது. "குழாய் குரோம், ஷவர் கருப்பு, கம்பியில ஒன்னு தங்கம், ஒன்னு ரோஸ் கோல்டு. போடலாமா?"

"போடலாம் மேடம்" என்றாள் அந்தப் பெண் தயங்கி. "ஆனா குளிக்கப் போனவங்க விலை கேட்டுட்டு வெளிய வந்துடுவாங்க. எங்க பலகை மாதிரியே இருக்கும்."

மகள் வீட்டுக்குப் போன் போட்டாள். அப்பா எடுத்தார். குரல் கரகரத்தது.

"உங்க சித்தி இங்க வந்திருக்கா. டீயில சர்க்கரைன்னு என்னமோ சொல்லி ஒரே அழுகை. விடும்மா, தங்கத்தையே போட்டுடு. அவ அக்காவுக்குச் செஞ்ச மாதிரி இருக்கும்."

போன் கை மாறியது. "அவரு சொல்றதைக் கேக்காத. குளிக்கப் போறவரு அவரு. நான் என்ன தினமும் இங்க வந்தா குளிக்கப் போறேன்? குரோம் போடு."

"கருப்பு!" என்று பின்னால் அப்பா. "பிளம்பர்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கா. நம்மகிட்ட ஒப்புக்குச் சொல்லியிருப்பா."

"ஐயையோ, என்னை இழுக்காதீங்க" என்று இன்னும் பின்னாலிருந்து பிளம்பர். ஏணியை எடுக்க வந்திருக்கிறார் போல. "பாப்பா! தங்கமோ தகரமோ, எதுன்னாலும் எனக்குச் சரி!"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. ஷவர் பலகையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஒரு வீடு முழுக்கச் சரி அக்காக்கள். இப்படியே விட்டால் அப்பா மழைக்காலம் முழுக்கப் போர்வைக்குப் பின்னால் குளிப்பார், நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு.

"அப்பாகிட்ட குடுங்க சித்தி." மூச்சை இழுத்து விட்டாள். "அப்பா, அம்மா எதைச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியலை. யாருக்கும் தெரியலை. அதனால நானே முடிவு பண்ணிட்டேன். பிரஷ் செஞ்ச நிக்கல். அம்மா பேருல இல்ல. என் பேருல."



"நிக்கலா? அது அழுக்குப் பிடிச்ச குரோம் மாதிரியில்ல இருக்கும்?"

"உங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னு இல்ல..."

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்கப்பா."

"பிடிக்கலை" என்றார் அப்பா. அது அவர் வாயிலிருந்து வந்துவிட்டதில் அவருக்கே ஆச்சரியம் போலிருந்தது. "சுத்தமாப் பிடிக்கலை. நிக்கலைப் பத்தி உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும், நீ படிச்சவ. எனக்குக் கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருக்கணும். மூக்குக்கண்ணாடி போடாமக் குளிக்கப் போறேன், மங்கலா இருந்தா குழாய் எங்க, சுவர் எங்கன்னு தெரியாது. சாம்பல் டைல்ஸ்ல சாம்பல் குழாயைத் தடவிக்கிட்டு நிக்கவா?"

மகளுக்கு அது தோன்றவே இல்லை. அவள் பெட்டிக்குள் தொங்கும் துண்டுகளை யாரும் கண்ணாடி போடாமல் தேடுவதில்லை.

"குரோம்ல சொட்டுச் சொட்டாத் தழும்பு விழும்பா. தினமும் துடைக்கணும்."

"துடைப்பேன். இவ்வளவு நாளும் யார் துடைச்சான்னு நினைச்சே? உங்க அம்மா குளிச்சிட்டு வந்ததும் நான்தான் போய்த் துடைப்பேன். அவளுக்கு ஆபீஸுக்கு நேரமாயிடும்."

அதுவும் அவளுக்குத் தெரியாது. அம்மாதான் துடைக்கிறாள் என்று ஒருநாளும் யோசிக்காமலே நம்பியிருந்தாள். இந்த வீட்டில் இன்னும் என்னென்ன தெரியாது என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

"சரி... இல்ல, சரின்னு சொல்லலை. எனக்கு நிக்கல்தான் நல்லதுன்னு தோணுது. ஆனா குரோம் போடறேன். உங்களுக்காக."

"கோவமா சொல்றியா?"

"கொஞ்சம்."

"சரி, இருக்கட்டும்" என்றார். குரலில் இருந்த கரகரப்பு குறைந்திருந்தது. "சீக்கிரம் வா. சாப்பிடாம இருக்கோம்."

விற்பனைப் பெண் கணினியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். "ரோஸ் கோல்டு இல்லையா மேடம்?"

"இல்லைம்மா. குரோம். ஏழு சாமானும்."

"உறுதிதானே? போட்டுட்டா மாத்த முடியாது."

மகள் பலகையை இன்னொரு முறை பார்த்தாள். வெள்ளி, கருப்பு, தங்கம், செம்பு, அவளுடைய மங்கல் நிக்கல். மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், அம்மா இதே இடத்தில் தனியாக நின்றிருக்கிறாள். ஏதாவது ஒன்றின் முன்னால் மனதுக்குள் 'இது' என்று சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"உறுதி இல்ல" என்றாள். "பதிவு பண்ணிக்கோங்க."