ஈரக்கைக்காரி

எனக்கு உள்ளங்கை வேர்க்கும். வெயிலில் எல்லோருக்கும் வேர்க்கும், அதைச் சொல்லவில்லை. மார்கழிக் காலையில் வேர்க்கும். மின்விசிறிக்கு நேர் கீழே, மனசில் ஒரு கவலையும் இல்லாமல் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் வேர்க்கும். கையைத் தொங்கவிட்டால் விரல் நுனியிலிருந்து சொட்டும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நிஜமாகவே தரையில் விழும்.

பள்ளிக்கூடத்தில் விடைத்தாளில் மை கலைந்து ஓடும். கணக்கு டீச்சர் என் தாளைத் தூக்கிக் காட்டி, “அழுதுகிட்டே எழுதினியா?” என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறார். கோலமாவை எடுத்தால் விரலிடுக்கில் களியாகிவிடும். கோவிலில் விபூதி வாங்கினால் நெற்றிக்குப் போவதற்குள் கையிலேயே குழைந்துவிடும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது மெஷின் என்னை மனுஷியாகவே ஏற்றுக்கொள்ளாது. “தொடச்சிட்டு வைம்மா, இன்னொருவாட்டி வைம்மா” என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல, பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

என் கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் தேரடி வீதியில் வளையல் கடை வைத்திருந்த பாய்தான். “உனக்கு சோப்பே தேவையில்லம்மா, வளையல் தானா ஏறுது” என்பார். ஏற்றி முடித்ததும் அவரும் தொடைமேல் கிடக்கும் துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார்.

என்னைத் தொட்ட எல்லோரும் அப்படித் துடைப்பார்கள். சிலர் புடவையில், சிலர் முதுகுக்குப் பின்னால் மறைத்து. வேண்டுமென்று செய்வதில்லை, அது தானாக நடக்கிற காரியம். நானும் தானாகவே அதைக் கவனிப்பேன். அதனால் யாரைத் தொடுவதற்கு முன்னாலும் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொள்வது என் பழக்கமாகிவிட்டது. என் புடவைகள் எல்லாம் வலது இடுப்புப் பக்கம்தான் முதலில் சாயம் போகும்.

சூட்டு உடம்பு என்று அம்மா நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார், மருதாணி அரைத்துப் பூசினார், படிகாரத் தண்ணீரில் கையை ஊற வைத்தார். பிற்பாடு ஒரு தோல் டாக்டரிடம் போனேன். “இது சூடும் இல்ல, பயமும் இல்ல. உங்க வேர்வைச் சுரப்பி தேவைக்கு மேல வேலை செய்யுது, அவ்வளவுதான்” என்றார். ராத்திரியில் தடவ ஒரு திரவம் கொடுத்தார். அது கையைப் பிடுங்கி எடுத்தது. அரிப்புக்கு வேர்வையே மேல் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பேசும்போது, “இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கிட்டிருக்காத” என்று அம்மா அடக்கி வைத்தார். நானும் சொல்லவில்லை. மணவறையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்னியைச் சுற்றி வந்தபோது என் கையிலிருந்து தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியாக இறங்கியது எனக்கே தெரிந்தது. மூன்று சுற்று முடிந்து கையை விட்டார். நான் தலை குனிந்திருந்த மாதிரி இருந்துகொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துடைக்கவில்லை. ஈரக் கையோடே போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வணக்கம் போட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆளை நம்பலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். என்னைப் போன்றவளுக்கு அது போதும்.

முதல் வாரமே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்றார். அன்றிலிருந்து அவர் சட்டைப்பையில் இரண்டு கைக்குட்டை இருக்கும், ஒன்று எனக்கு. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், மாமியாரிடம் சொல்ல வேண்டாம் என்று. மாமியாருக்கு ஒரு எண்ணம் உண்டு: கை சும்மா வேர்க்காது, மனசில் கள்ளம் இருந்தால்தான் வேர்க்கும். பூக்காரி, பால்காரர் என்று யாரைப் பற்றியும் அதை வைத்தே தீர்ப்புச் சொல்வார். சமையலறையில் யார் கை காய்ந்து கிடக்கிறது? பாத்திரம் கழுவிய ஈரம், அரிசி களைந்த ஈரம் என்றே எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் டைப்பிங். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற கூட்டம் முழுக்க எங்கள் கடையில்தான் நிற்கும். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். மடியில் ஒரு துண்டு, இரண்டு வரிக்கு ஒருமுறை துடைப்பு.

இனி நாத்தனார் மகள் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருடைய அக்காவைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தது. அவருடைய பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள், பதினேழு வயசு. நல்ல இடம் வந்தது என்று கல்யாணம் பேசி, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததை நான் கேட்டேன். வாரா வாரம் ஊர்க் குறையெல்லாம் அடித்துக் கொடுக்கிற எனக்கு, அந்தக் குறையை ஒருவரிடமும் சொல்லத் தைரியம் வரவில்லை. வீட்டு மருமகள் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பேசாமல் சீர்வரிசைக்கு முறுக்குப் பிழிந்தேன்.

நலங்கு வைக்கிற அன்று காலை கலெக்டர் ஆபீசிலிருந்து ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். யாரோ போன் பண்ணித் தகவல் சொல்லியிருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், பதினெட்டு முடியும்வரை செய்யமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். கல்யாணம் நின்றது. நாத்தனார் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியபடியே நின்றது.

போன் பண்ணியது யார்? அந்த வாரம் முழுக்க வீட்டில் வேறு பேச்சே இல்லை. நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் தங்கள் ஊர்க் கோவிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாக்கி நாங்கள் இரண்டு பேர்தான், நானும் என் வீட்டுக்காரரும். மாமியார் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். எங்கள் ஊரே சாமியாகக் கும்பிடுகிற மலை அங்கேயிருந்து நேராகத் தெரியும். எங்கள் வீட்டில் பெரிய சத்தியம் எல்லாம் மலையைப் பார்த்துத்தான். பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கற்பூர வில்லை வைத்துக் கொளுத்தினார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும்.

முதலில் என் வீட்டுக்காரர். “மலை மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று ஓங்கி ஒரு அடி. தீ அணைந்தது. காய்ந்த உள்ளங்கையில் கரி வட்டமாகப் படிந்திருந்தது. மாமியார் அதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்து நான். என் கை குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தது. முந்தானையில் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். மூன்றாவது தடவை துடைத்தபோது நாத்தனார், “இன்னாத்துக்கு இப்படித் தொடைக்கிறா?” என்றார். சத்தியத்தைச் சொல்லி அடித்தேன். சுர்ரென்று ஒரு சத்தம். கையைத் தூக்கினால் வில்லை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

“கைய நனைச்சிக்கிட்டு வந்து அடிக்கிறா பாரு, சுடக்கூடாதுன்னு” என்றார் மாமியார்.

“வேங்கிக்கால்ல உக்காந்து ஊரு மனுவெல்லாம் அடிக்கிறவதானே. வேற யாரு பண்ணியிருப்பா?” என்றார் நாத்தனார்.

“இல்ல அத்தை, எனக்கு எப்பவுமே கை வேர்க்கும். சின்னதிலேர்ந்தே.”

“எட்டு வருஷமா இல்லாத வேர்வ இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சி?”

நான் மறைத்து வைத்தது எனக்கே வினையாக வந்து நின்றது. “அவரக் கேளுங்க” என்றேன். மாமியார் அவரைப் பார்த்து, “இன்னாடா?” என்றார். அவர் சட்டைப்பையில் எனக்கான கைக்குட்டையின் நுனி வெளியே தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“எனக்கு இன்னாம்மா தெரியும்” என்று சொல்லிவிட்டு மலையைப் பார்த்தார்.

பிடிமானத்துக்கு அவர் கையைப் பிடித்தேன். உருவிக்கொண்டார். உருவி, வேட்டியில் துடைத்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஈரக்கைக்காரி என்று பேர். நான் அடுக்களைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். “ஈரக்கைக்காரி காதுல விழப்போவுது” என்பார் மாமியார், காதில் விழும்படியாகவே. விசேஷங்களில் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடமாட்டார்கள், ஆரத்தித் தட்டு என் கைக்கு வராது. நாத்தனார் என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவுக்குப் பயந்துதான் என் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லிவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்த சுபாவம், பாவம் என்றுகூட நினைத்தேன். என்னைவிட ஏமாளி இந்த ஊரில் இருக்கமாட்டாள்.

அந்தப் பெண் நர்சிங் படித்தாள். வேலைக்குப் போனாள். அவளே பார்த்து, வீட்டிலும் சம்மதித்து, இப்போது கல்யாணம். போன மாதம் ஒரு மத்தியானம் பத்திரிகையோடு வந்தாள். மாமியார் உள்ளே படுத்திருந்தார், என் வீட்டுக்காரர் தன் கடையிலிருந்து சாப்பிட இன்னும் வரவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை வைத்து என்னிடம் நீட்டி, காலில் விழுந்தாள்.

“மொத பத்திரிகை உங்களுக்கும் மாமாவுக்கும்தான் அத்தை. அன்னிக்கு மாமா மட்டும் போன் பண்ணலன்னா நான் இன்னேரம் எங்க கெடப்பேனோ.”

தட்டு என் கையில் வழுக்கியது. அவளே பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இன்னும் பெரிய மனசு அத்தை. மாமா சொன்னாரு, ரெண்டு பேரும் பேசி வச்சித்தான் பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்கன்னு. அவளுக்கு எல்லாம் தெரியும், எனக்காக ஒத்துக்கிட்டான்னு சொன்னாரு. எங்கம்மாகிட்ட சொல்லிடலாமான்னு எத்தினியோ வாட்டி கேட்டேன், அத்தைதான் வேணாங்கிறான்னுட்டாரு.”

சந்தோஷமாக வந்த பெண். காபி போட்டுக் கொடுத்து, பூ வைத்து அனுப்பினேன்.

அவர் வந்தார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். “அன்னிக்கு போன் பண்ணது நீங்கதானா?”

பத்திரிகையைத் திருப்பி வைத்தார். பிறகு, “பொண்ணு அழுதுச்சி. தாய்மாமன்னு இருந்துகிட்டு வேற இன்னா பண்ணச் சொல்ற? நல்ல காரியம்தானே?” என்றார்.

நல்ல காரியம்தான். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. நான் செய்யப் பயந்ததை அவர் செய்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கற்பூரத்தை வாயிலேயே போட்டுக்கொண்டு, நான்தான் என்று சொல்லியிருப்பேன்.

“நான்னு தெரிஞ்சா அம்மாவும் அக்காவும் என் மொகத்துலயே முழிக்கமாட்டாங்க. நீன்னா, நாலு நாள் பேசிட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்.”

நீன்னா. பதினாலு வருஷத்தில் நான் யார் என்பதை அந்த ஒரு சொல்லில் சொல்லிவிட்டார். அவர் வீட்டு உறவு உடையக்கூடாது, நான் உடைந்தால் பரவாயில்லை.

“போன் விஷயம் வேணாம்” என்றேன். “அத யார்கிட்டயும் சொல்ல வேணாம். உள்ள அத்தை முழிச்சிக்கிட்டுதான் இருக்காங்க. போய் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவளுக்கு எப்பவுமே கை வேர்க்கும், எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். எழுந்திருப்பார் என்றே நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

“இப்ப எதுக்கு அதக் கிளறணும்? கல்யாணம் நல்லபடியா முடியட்டும்” என்றார். கண் கலங்கியிருந்தது. சட்டைப்பையிலிருந்து எனக்கான கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மணவறையில் பிடித்த அதே பிடி.

நான் கையை உருவிக்கொண்டேன். கைக்குட்டையைத் தொடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன்.

தொடுவதற்கு முன்னால் துடைப்பதுதான் என் பழக்கம். தொட்ட பிறகு துடைத்தது அதுதான் முதல் தடவை.