குனிஞ்சு பாருங்க

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், கோபமில்லை. ஆனால் இது நடந்தது. போன மார்ச் மாதம், பெரம்பலூரை ஒட்டிய ஒரு கல்லூரியில், பட்டப்பகல் மூன்று மணிக்கு. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது?

நந்தினி இயற்பியல்காரி. பதினாறு வருடமாக லேசர்தான் அவள் பிழைப்பு. பழைய வேலையிடத்தில் லேசர் பட்டு இடது கண் பார்வை போய்விட்டது. மிச்சம் இருப்பது வலது கண். அதுவும் போனால் படித்த படிப்பு, வேலை எல்லாம் அதோடு போச்சு. அந்தப் பயம் அவளை ஒரு நாளும் விட்டதில்லை.

அவள் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் உண்டு. லேசரைத் திறக்குமுன் சத்தமாகச் சொல்ல வேண்டும். அறையில் இருப்பவர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால்தான் திறக்கலாம்.

அன்று ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. அறை கும்மிருட்டு. பின்னால் கதவு கிறீச்சிட்டது. சாமான் வாங்க அரியலூர் போயிருந்த உதவியாளர் குழந்தைவேல் வந்துவிட்டார் என்று நினைத்தாள். மணி 3.12.

"லேசர் போடறேன்."

"கண்ணாடி போட்டாச்சுங்க."

திறந்தாள். ஒளியை அளக்கும் மீட்டர் நாற்பது காட்டியது. சட்டென்று பூஜ்யம். மறுபடி நாற்பது... பூஜ்யம். யாரோ குறுக்கே கை வைத்து எடுக்கிறார்கள்.

"அண்ணே, கைய எடுங்க."

டக்... டக்... மேசைமேல் எதையோ திருகும் சத்தம்.

3.15. போன் அதிர்ந்தது. குழந்தைவேல்.

"மேடம், இன்னும் அரியலூர் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன். வர அஞ்சு மணி ஆயிடும்."

நந்தினி போனை இறக்கினாள். பக்கத்திலேயே, முதலில் பதில் சொன்ன அதே குரல்...

"மிரர் நகந்துருக்கு. கண்ணாடியக் கழட்டிட்டுக் குனிஞ்சு பாருங்க."

என்ன மாயமோ, கை தானாகக் கண்ணாடியைக் கழற்றியது. முதுகு வளைந்தது.

"குனியாதீங்க."

இது வேறு குரல். கரகரத்த குரல். மணி 3.17.

தடவித் தடவி லேசரை அணைத்தாள்.

விளக்கைப் போட்டாள்.

யாருமில்லை...

மேசையில் லேசரைத் திருப்பிவிடும் மிரர் ஒன்று மட்டும் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. குனிந்திருந்தால் லேசர் நேரே வலது கண்ணில்தான்.

சாயங்காலம் குழந்தைவேல் எல்லாவற்றையும் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"கரகரன்னா... அது காசிநாதன் சார் குரலுங்க. உங்களுக்கு முன்னாடி இந்த மேசையில இருந்தவரு. இங்கதான் ரெண்டு கண்ணும் போச்சு. அரும்பாவூர்ல வூட்டோட கெடக்கறாரு."

நந்தினி அந்த வீட்டுக்குப் போன் போட்டாள். அவர் மனைவி லீலாவதி எடுத்தார்.

"அவரு பேசி ரெண்டு வருசம் ஆச்சுங்க. இன்னிக்கு மூணேகாலுக்கு மேல திடீர்னு எந்திரிச்சு உக்காந்து, குனியாதீங்கன்னு கத்துனாரு."

"வேற ஏதாவது சொன்னாருங்களா?"

லீலாவதி குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னாரும்மா. என்னைக் குனியச் சொன்னவன் இன்னும் அந்த ரூம்லதான் நிக்கிறான்னாரு."